ரெண்டுலயே குத்துன ஊசி

என்னங்க,

சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவியை மாடி வீட்டு டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போங்க.

நீங்க ஃப்ரீசர்ல ஒளிச்சு வச்ச இன்சுலின் உறைஞ்சு கல்லாயிடுச்சு. இனி அது உதவாதாம். புதுசு வாங்கி ஃப்ரிட்ஜ் கதவுல, முட்டைக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். அதையும் ஒளிச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்.

"ஊசி போட ஆரம்பிச்சா ஆளு அவ்வளவுதான்"னு நேத்து கத்துனீங்களே, பெரியவ வயித்துல இருந்தப்ப எனக்குச் சர்க்கரை ஏறினதுக்கு இதே ஊசியை மாசக்கணக்கா போட்டுவிட்டது யாரு? "மூணு எண்ணுறேன், கண்ணை மூடிக்கோ"ம்பீங்க. ரெண்டுலயே குத்திட்டு, "முடிஞ்சுபோச்சுடி அழுமூஞ்சி"ன்னு சிரிப்பீங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்?

ஆறு மணிக்கு வந்துடுவேன்.

பி.கு: இன்னிக்கு நான் எண்ணுறேன். மூணு வரைக்கும் போக மாட்டேன்னு உங்களுக்கே தெரியும். இருந்தாலும் கண்ணை மூடிக்கோங்க.