பொட்டு வைக்காத தோட்டாப் பெட்டி

இன்று டல்லாஸ் பக்கத்துக் காப்பெல் ஊரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததுமே அந்த எண்ணெய் வாசனை வந்தது. உன் கடைக் கவுண்டருக்குப் பின்னால் எப்போதும் இருக்குமே, துப்பாக்கி துடைக்கிற எண்ணெய், அதே வாசனை. கவுண்டரில் இருந்தவர் என் கைத்துப்பாக்கியின் குழல் நீளத்தைக் கேட்டார். இரண்டு அங்குலம் என்றேன். உடனே ஒரு பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அழுத்தம் கூடிய தோட்டா. விரல் மூட்டெல்லாம் வீங்கிய கையை வைத்துக்கொண்டு, மறுபேச்சுப் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் முகம்தான் எதிரில் நிற்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும். எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை விழுந்து, நம் கம்பெனியில் ஆட்களைக் கழித்தபோது என்னை வைத்துக்கொண்டு உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். டல்லாஸ் ஓரத்தில் பெட்ரோல் பம்போடு ஒரு சின்னக் கடையை நீ வாங்கினாய். புருஷனும் பெண்டாட்டியுமாய் மாறி மாறிப் பார்த்துக்கொண்டீர்கள். பகலில் சாந்தா கல்லாவில், மாலையில் நீ. ஒரு சனிக்கிழமை மத்தியானம், நீங்கள் இரண்டு பேரும் இருந்த நேரத்தில், துப்பாக்கியோடு ஒருவன் வந்தான். நீ மண்டியிட்டுக் கைகூப்பினாய். அவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பணத்தை அள்ளிக்கொண்டு போனான்.

"கும்பிட்டேன்டா. சாந்தா பார்த்துட்டாடா" என்று என்னிடம் சொன்னாய். போன பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் அந்தக் குட்டி ரிவால்வர். வெளியே மறைத்து எடுத்துப் போனால் குற்றம், சொந்தக் கடைக்குள் வைத்திருக்கலாம் என்ற காலம். சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொள்வாய். தோட்டா விஷயத்தில் மட்டும் உனக்குத் திருப்தியே வரவில்லை. "குழல் கட்டைடா. வெடிமருந்து முழுசா எரியறதுக்குள்ள குண்டு வெளிய போயிடுது. ஸ்பீடு போயிடும். அதை ப்ரெஷர்லதான் காம்பென்சேட் பண்ணணும்" என்பாய். கணக்கு சரிதான். ஆனால் துப்பாக்கியின் உடம்பு அலுமினியம், அந்த அழுத்தத்தை அது நெடுநாள் தாங்காது, சுடும்போது கையில் உதையும் அதிகம் என்று நான் மறுப்பேன். நீ வேகத்தைச் சொல்வாய், நான் உலோகத்தைச் சொல்வேன். இரண்டு என்ஜினீயர்கள் வைவா தேர்வு போல அடித்துக்கொண்டோம். நூற்றுக்கு நூறு வாங்காதவன் பெயில் என்று வளர்ந்தவர்கள் நாம். பெட்டியில் பெரிய எண் போட்டிருந்தால் அதுதான் நல்லது.

சுடும் பயிற்சிக்கு மூவரும் போனோம். உன் கையில் அது வெடித்தபோது கண் கூசுகிற தீப்பிழம்பு. முதல் குண்டு காகித மனிதனின் தோளுக்கு மேலே போனது. அடுத்தவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. சாந்தாவும் அதே தோட்டாவில் ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு சாதாரணத் தோட்டாவைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஐந்தும் நெஞ்சில். அங்கிருந்த வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு மரியாதை செய்தார். நீ நேராகப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாய்.

ஆனாலும் நீ அந்தத் தோட்டாவை மாற்றவில்லை. நீ சரக்கெடுக்கப் போகிற நாளில் அந்தத் துப்பாக்கியோடு கடையில் தனியாக இருந்தவள் அவள். "அண்ணா, அது என் கையில நிக்கவே இல்ல. இன்னொருத்தன் வந்தா நான் என்ன பண்ணுவேன்? இவர்கிட்ட சொன்னா குத்திக்காட்டற மாதிரி ஆயிடும்" என்று என்னிடம் சொன்னாள். நான் உன்னிடம் பேசினேன். நீ மறுபடியும் குழல் நீளத்தில் ஆரம்பித்தாய்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கல்லா மிஷின், கார் சாவி, தரை துடைக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் காலி செய்து திறந்து வைத்த ரிவால்வர், பக்கத்தில் இரண்டு தோட்டாப் பெட்டிகள். பீர் வாங்க வந்தவர் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். "கல்லாவுக்கு" என்று இங்கிலீஷில் சொல்லி அவர் கையிலும் பொரிகடலையைத் திணித்தாய். திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தாய். சாதாரணத் தோட்டாப் பெட்டிக்குப் பொட்டு இருந்தது. மற்றதற்கு இல்லை. சாந்தா தலை நிமிராமல் வாழைப்பழத்தில் ஊதுவத்தி செருகிக்கொண்டிருந்தாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்று, அன்று கடையைச் சீக்கிரமே சாத்தினாய். விஜயதசமி காலையிலும் நான் வந்திருந்தேன். ரிவால்வரை எடுத்தாய். பொட்டில்லாத பெட்டியின் பக்கம் போன கை பாதியில் நின்றது. ரிவால்வரை அப்படியே அவள் உள்ளங்கையில் வைத்தாய்.

"நீயே போடு. எனக்கு அதைச் சுட பயமா இருக்கு சாந்தா. அன்னிக்கும் பயந்தேன். இப்பவும் பயம்தான்."

"எனக்கும்தாங்க" என்றாள் அவள், பொட்டு வைத்த பெட்டியின் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டபடி. "நீங்க அன்னிக்குக் கும்பிட்டீங்க, நாம ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். அதை நான் ஒருநாளும் கேவலமா நினைச்சதில்ல."

நீ அழுதாய். பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவன் போல நான் பால் பாக்கெட் இருந்த ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு ஆண் தன் மனைவியிடம் இப்படிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. உனக்காக நான் கூசினேன். அது உன்மேல் பட்ட பொறாமை என்று புரிய இத்தனை வருஷம் ஆயிற்று.

அந்தத் துப்பாக்கிக்குக் கடைசிவரை வேலை வரவில்லை. கடையை விற்றீர்கள், பிள்ளைகளைக் கரையேற்றினீர்கள், போன வருஷம் நீ போய்ச் சேர்ந்தாய். இங்கே என் பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊர். இவ்வளவு பெரிய வீட்டில் நானும் என் மனைவியும்தான். பின்பக்கத்துக் கதவை நான் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறேன். "எத்தனை தடவை செக் பண்ணுவீங்க?" என்கிறாள். பழக்கம் என்கிறேன்.

பயமா இருக்கு. நீ சொல்லி நான் கேட்ட அந்த வார்த்தையை இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். சற்று முன் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து எதிரில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன என்பதுபோல் பார்த்தாள்.

"காபி போடட்டுமா?" என்று கேட்டேன்.