இருபது டிகிரி

மார்ச் 3
லீவு முடிந்து இன்று வேலைக்குப் போனேன். வீட்டுக்காரர் போய்ப் பத்தொன்பது நாள். வாட்ச்மேன், "வந்துட்டீங்களா" என்றார். வந்துட்டேன் என்றேன். வேறென்ன சொல்ல?

செடி வளர்க்கும் குளிர் அறைகள் என் பொறுப்பு. இரண்டாம் அறையில் டாக்டரம்மாவின் புது ரக உருளைக்கிழங்கு. இலைகளில் வைரஸ் சாறு தேய்த்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்கிற பழைய ரகத்துக்கு அங்கே இடமில்லை, அதே சாறு தேய்த்து எதிர் அறையில் வைத்திருக்கிறோம். இலையில் மஞ்சள் திட்டாகத் தேமல் வராவிட்டால் புது ரகம் தேறிவிடும். விதைக்கிழங்கு விவசாயிகளுக்குப் போகும். டாக்டரம்மாவுக்கும் வேலை நிரந்தரமாகும். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறதாம்.

மார்ச் 7
போனேன். வந்தேன்.

மார்ச் 18
பழைய ரகத்தில் இலையெல்லாம் தேமல். புதியதில் ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாங்கிடுச்சுக்கா" என்றார். நல்லதும்மா என்றேன். வாய்தான் சொன்னது. மகள் போனில், சாப்பிட்டியாம்மா என்றாள். யோசிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 20
ஏசி மெக்கானிக் மாதச் சோதனைக்கு வந்தார். இரண்டாம் அறைக்குள் நுழைந்ததுமே சட்டை பட்டனைக் கழற்றினார்.

"என்னம்மா, செடி வளக்குறீங்களா, துணி காயப் போடுறீங்களா? கம்ப்ரசர் செத்து ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்."

மீட்டரில் முப்பத்தொன்று. கதவில் தொங்கும் தாளில் 20, 20, 20 — என் கையெழுத்து. ஒரு நாளாவது மீட்டரைப் பார்த்தேனா? கை பாட்டுக்கு எழுதியிருக்கிறது. தினமும் உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றினேனே, வியர்த்திருக்குமே. வியர்த்ததா? தெரியவில்லை.

இந்த வைரஸ் சூட்டில் தேமல் காட்டாது. செடி பளிச்சென்று இருக்கும், வைரஸ் உள்ளேயேதான் இருக்கும். குளிர்ந்தால் வெளியே வரும். விவசாயிகள் நடுவதோ குளிர்காலத்தில். மொத்த விளைச்சலும் போகும்.

சொல்லத்தான் போனேன். டாக்டரம்மா சிரித்த முகத்தோடு அறிக்கை தட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 23
ரிப்பேர் முடிந்து அறையில் இப்போது நிஜமாகவே இருபது. இன்றும் சொல்லவில்லை. என்ன மனுஷி நான்?

மார்ச் 29
புதிதாக விட்ட இலைகளில் தேமல். ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். தாளையும் கொடுத்தேன். பார்க்காமலே எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்.

திட்டியிருந்தால் தேவலை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டையும் ஒரே ரூம்ல வச்சிருக்கணும். நானும் அவசரப்பட்டுட்டேன்" என்றார். தொட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, "அறிக்கை இன்னும் போகலக்கா. நிறுத்திடறேன்."

ஏப்ரல் 2
டாக்டரம்மாவின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்பும் முன் ஸ்டோருக்கு வந்து, காலிச் சாக்குகள் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணன் போனதுக்கு நான் ஒரு வார்த்தை கேக்கலக்கா. நீங்க வந்த அன்னிக்கே செடி எப்படி இருக்குன்னுதான் கேட்டேன்." பிறகு, "எப்படிக்கா போனாரு?"

ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தாரும்மா, பாதி முகத்துல சோப்போட — அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. மகள் போனில், "ஸ்டோருக்கு மாத்தினதுக்கா இப்படி அழற?" என்றாள்.

"இல்லடி. அப்பாவுக்கு" என்றேன். அவளும் அழுதாள்.