விலகிய தாள்

மார்ச் 4

அவசர அழைப்பு அறைக்கு இன்று அளவுகோல் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர், கையில் பத்துத் தாள்கள். எங்கள் சோர்வையும், அடுத்தவர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குள் இறங்கும் அதிர்ச்சியையும் அளப்பாராம். முப்பது கேள்விகள். ஒன்று என்றால் ‘ஒருபோதும் இல்லை’, ஐந்து என்றால் ‘எப்போதும்’. மனதை முழம் போடுகிறார்கள், துணிக்கடை மாதிரி.

பெயர் வேண்டாமாம், ரகசியமாம். வயதும் பணியாண்டும் போதுமாம். இருபத்தாறு வயது, இரண்டாண்டு: இந்த அறையில் நான் ஒருத்திதான். பெரிய ரகசியம்!

“சராசரி மூணரையைத் தாண்டினா, மோசமான அழைப்புக்கு அப்புறம் கால் மணி நேரம் ஓய்வு தரச் சொல்லுவோம்” என்றார்.

அவருக்குச் சராசரி என்றே பெயர் வைத்தாயிற்று.

மார்ச் 5

முன்வரிசை அண்ணன் முதலில் எழுதினார். எல்லாம் ஒன்று.

“போன தடவை ஒருத்தர் அஞ்சு போட்டாரு. ஃபோன் எடுக்கத் தகுதியில்லன்னு அவரைக் கோப்பறைக்குத் தள்ளிட்டாங்க. பேசாம இதப் பாத்து எழுதுங்கப்பா.”

தாள் மேசை மேசையாகச் சுற்றியது. பரீட்சையில்கூட நான் காப்பியடித்ததில்லை. இன்று அடித்தேன், என் சொந்த மனதைப் பற்றிய விடைகளை.

பக்கத்து இருக்கை அக்கா மட்டும் வாங்கவில்லை. பதினோராண்டு இங்கே. “எனக்கு அந்தக் கால் மணி நேரம் வேணும்டி.”

மார்ச் 8

அக்கா தேநீர் கலக்கும்போது எண்ணுகிறாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்தச் சொல்லி ஃபோனில் எண்ணுவோமே, அதே வேகம். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

மார்ச் 19

சுவரில் சான்றிதழ்: ‘மனவுறுதி மிக்க பிரிவு’. ஓய்வு கிடையாது. அறிக்கையின் அடிக்குறிப்பு: ‘வெகுவாக விலகியிருந்த ஒரு தாள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.’

ஒன்பது பொய்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல, நிஜம் பிழையாகிவிட்டது. புள்ளியியல் வகுப்பில் இதற்குத்தான் முழு மதிப்பெண் வாங்கினேன்.

“என்னை அழிச்சிட்டாங்கடி” என்றாள் அக்கா. சிரித்தாள். சிரிப்புதானா அது?

ஏப்ரல் 2

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது, அழைப்பைத் துண்டித்தாயிற்று. அக்கா ஹெட்செட்டைக் கழற்றாமல் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

“ஏம்மா, லைன் கட்டாயிடுச்சு” என்று மேற்பார்வையாளர் தோளைத் தொட்டார். நிறுத்தவில்லை. அவள் கணவர் வந்து கூட்டிப்போனார்.

நான் என்ன பண்ணேன்? அடுத்த அழைப்பை எடுத்தேன். சீ.

ஏப்ரல் 3

ஒன்று, ஒன்று, ஒன்று. முப்பது தடவை எழுதினேனே.

மே 14

அக்கா நீண்ட விடுப்பில். சராசரி மறுபடி வந்தார். ‘தொடர் மதிப்பீடு’. ஒன்பது தாள்கள்.

நான் முதலில் எழுதினேன். நான்கு, ஐந்து, ஐந்து. அனுப்பட்டும், கோப்பறைக்கே. பதினான்காவது கேள்வி: ‘வேலை முடிந்த பின்னும் வேலையின் சத்தங்கள் கேட்கின்றனவா?’ கை நின்றது. மூன்று போட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பழக்கம். கொடுத்தேன். தாள் மேசை மேசையாகச் சுற்றியது. ஒவ்வொருவராக அதைப் பார்த்து எழுதினார்கள். ஒன்பது பேரைக் கொள்ளக் கோப்பறையில் இடமும் இல்லை.

கடைசியில் முன்வரிசை அண்ணன் தாளைத் திருப்பிக் கொண்டுவந்து நீட்டினார்.

“பதினாலுக்கு ஏம்மா மூணு போட்டே? பொய் எழுதாத. அஞ்சு.”