லாரி வரிசையைப் பார்த்து வாங்கிய பங்கு

வியாழன் இரவு, சித்தூர்

காலையில் வாங்கி மாலைக்குள் விற்கிற பங்கு என்றால், வாங்க விற்க நிறையப் பேர் இருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். இன்று பார்க்கவில்லை. புத்தி எங்கே போயிற்றோ.

காலையில் ஊரிலிருந்து பஸ்ஸில் வரும்போது பங்காருபாளையத்தில் மாம்பழக்கூழ் கம்பெனி வாசலில் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள் நின்றன. எங்கள் தோப்பு மாங்காயோடு நேற்றுப் போன நைனாவின் டிராக்டரும் நின்றது; அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இத்தனை மாங்காய் வாங்குகிறவனுக்கு என்ன குறை என்று, பறிப்பாட்களின் கூலிக்கு நைனா கொடுத்துவிட்டுப் போன பணத்தை அப்படியே அந்தக் கம்பெனிப் பங்கில் போட்டேன். மதியத்துக்குள் விலை, ஒரு நாளில் அதற்குக் கீழே இறங்க விடாத எல்லையான லோயர் சர்க்யூட்டில் போய் நின்றுவிட்டது. விற்கலாம் என்றால் வாங்க ஒருவனும் இல்லை.

சாயங்காலம் நைனாவுக்குப் போன் செய்தேன். "இவ்ளோ லாரி நிக்குதே, நல்லா வாங்கறாங்களா?"

"வாங்குனா ஏன்டா லைன் நிக்குது? நேத்துலருந்து கம்பெனி கேட்டையே தொறக்கல. போன வருசத்துக் கூழே விக்காம கெடக்குதாம். மாங்கா அழுவிக்கினு இருக்குது. ஆளுங்களுக்குக் கூலி குடுத்துட்ட இல்ல?"

குடுத்துட்டேன் என்றேன்.

நாளைக் காலையில் பறிப்பாட்கள் கூலி கேட்டு ஊரில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மாதான் கதவைத் திறப்பாள்.