நேராகப் போக நாலு லைட்டு

ஜூன் 9, திங்கள்

பக்ரீத் யாவாரம் ஓய்ந்தது. இன்று டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள். இந்த வயதில் உனக்கு இது தேவையா நூர்பானு என்று தெருவே கேட்டாச்சு. தேவைதான். ஏன் என்று அவர்களிடம் சொல்ல முடியாது, இங்கே எழுதலாம். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, இடது கண் தெரியவில்லை. சர்க்கரை. "இனி வண்டி ஓட்டாதீங்க பாய்" என்று மதுரை டாக்டர் சித்திரையிலேயே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் இவர் என்னிடம் சொன்னது: "யாருட்டயும் மூச்சு விட்டுறாத." அப்படிச் சொல்லிவிட்டு, அவரே ஓட்டித்தான் ராஜபாளையம் வந்து சேர்ந்தோம்.

ஆம்னி வேனில் நைட்டியும் சின்னப்பிள்ளைச் சட்டையும் ஏற்றி, இன்றைக்கு மம்சாபுரம், நாளைக்கு சுந்தரபாண்டியம் என்று தெருத்தெருவாகப் போய் விற்கிறோம். இவர் சாவியைக் கீழே வைத்தால் ஓட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இருந்துவிட்டுப் போகிறேன். அதுவரை தினமும் இவர் போய்த் திரும்புகிற மட்டும் என் உயிர் என்னிடம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

கிளட்ச்சை விட்டால் வண்டி குதிக்கிறது. சொல்லிக்கொடுக்கிற மாரிசெல்வம் என்னைவிடச் சின்னவன். "யக்கா, ரோட்டப் பாருங்க. கியரு எங்கயும் ஓடிறாது." பஞ்சு மார்க்கெட் பக்கம் ஆஃப் ஆகி நின்றுவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் அடித்த ஹாரனில் காதே போச்சு.

பெல்ட், முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். "எடது பக்கம் பாக்காம ஒடிச்சிராதீங்க, பைக்குக்காரனுவ அந்தப் பக்கம்தான் நுழைவானுவ" என்றான். இடது பக்கம் என்றதும் எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது.

ஜூன் 13, வெள்ளி

இருட்டியும் இவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ராத்திரி வந்து நின்றுகொண்டு, டவர் இல்லை என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்ய?

ஜூலை 13, ஞாயிறு

புதன்கிழமை டெஸ்ட். இன்று இவரே பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

"ஏட்டி, ஸ்கூல்ல இதெல்லாம் சொல்ல மாட்டானுவ. நாலு ரோட்டு முக்குல நேரா போகணும்னா நாலு லைட்டையும் போட்டுரணும். அப்பத்தான் வாரவனுக்குத் தெரியும்."

நியாயமாகத்தான் பட்டது. இடதுக்கு இடது, வலதுக்கு வலது, நேராகப் போக ரெண்டும்.

ஜூலை 16, புதன்

ஃபெயில்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டெஸ்ட். முக்கு வந்தது. "நேரா போங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். நாலு லைட்டையும் போட்டேன், பெருமையாக வேறு.

"என்னம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்ல சார், நேரா போறோம்ல."

மனுஷன் சிரிக்கக்கூட இல்லை. வண்டி பழுதாகி நடுவழியில் நின்றால்தான் அதைப் போட வேண்டுமாம். நேராகப் போக ஒன்றும் போட வேண்டாமாம். பக்கத்து ரோட்டில் நிற்கிறவனுக்கு ஒரு பக்கத்து லைட்டுதான் தெரியும், நாம் திரும்பப்போகிறோம் என்று நினைத்து வந்துவிடுவான் என்றார். மாரிசெல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான். "யாருக்கா இதச் சொன்னது?" நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன்.

இவரிடம் சொன்னதும் குதித்தார். "இத்தன வருசமா நான் அப்படித்தான் ஓட்டுதேன், என்ன கெட்டுப்போச்சு? நாளைக்கு எங்கூட வா, காட்டுதேன்."

ஜூலை 17, வியாழன்

எழுத்து கோணுது.

மம்சாபுரம் போற வழியில ஒரு நாலு ரோட்டு முக்கு. எனக்குக் காட்டணும்னே நாலு லைட்டையும் போட்டார். இடது ரோட்டுல ஒரு பைக்கு. புருஷன், பொண்டாட்டி, நடுவுல பிள்ளை. நாங்க அந்த ரோட்டுல திரும்பப்போறோம்னு நெனச்சு அவங்க நேரா ஏறி வந்துட்டாங்க. இவருக்குத் தெரியலை. தெரியவே இல்லை. பிரேக்கு, பிரேக்குன்னு நான் கத்தினேன். என் சத்தத்துக்குத்தான் மிதிச்சார், பைக்கைப் பார்த்து இல்லை. ஒரு சாண். அல்லாதான் காப்பாத்தினான்.

பைக்குக்காரர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அண்ணாச்சி, இந்தப் பக்கம் திரும்புறாப்ல லைட்டப் போட்டுட்டு நேரா வாரியளே" என்று மட்டும் கேட்டார். அந்தப் பிள்ளை அழவே ஆரம்பிக்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"லைட்டு என் தப்புதான் தம்பி" என்றார் இவர். லைட்டை மட்டும் சொன்னார்.

நான் இடது பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இவர் மெதுவாக ஓட்டி வீடு வந்தோம். நான் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். இவர் சாவியைக் கேட்கவே இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

வேன் வாசலில் நிற்கிறது. கேட்கிறவர்களிடம் முதுகுவலி என்கிறார். இன்று ஒரு மூட்டை நைட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனார். ஒரு தெருவைத் தாண்ட முடியவில்லையாம், அப்படியே திரும்பி வந்துவிட்டார். என் கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருக்கிறது. சாவியை மட்டும் தர மாட்டேன்.

ஜூலை 30, புதன்

பாஸ். ஆடிப்பூரத் தேர்க் கூட்டம் கலைந்திருந்தது நல்லதாகப் போச்சு. முக்கில் ஒரு லைட்டும் போடாமல் நேராகப் போனேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று நான் ஓட்டி முதல் யாவாரம். மம்சாபுரம். வழி நெடுக இவர் ஒரு குறை சொல்லவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. இவர் வழக்கமாக நிறுத்துகிற டீக்கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் ஆண்டிச்சாமி பழைய சிநேகிதர்.

"என்ன பாய், மாப்பிள கணக்கா அந்தப் பக்கம் உக்காந்து வாரிய? முதுகு இன்னும் சரியாகலையா?"

ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"முதுகெல்லாம் ஒண்ணுமில்ல ஆண்டிச்சாமி. எடது கண்ணு தெரியல. சித்திரையிலருந்தே."

ஆண்டிச்சாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "எங்கிட்டகூட சொல்லலையே பாய்."

"சொன்னா நீ என்னய ஓட்ட விடுவியா? பொறவு யாவாரத்துக்கு நான் எங்க போக? இப்பம் இவ ஓட்டுதா. இனி யாருட்ட வேணாலும் சொல்லலாம்."

நான் இன்னும் வண்டிக்குள்ளேயேதான் இருந்தேன். ஆண்டிச்சாமி எனக்கும் ஒரு டீ கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். உடனே வாங்க முடியவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.