டிராஃப்ட்ஸ்மேன் அக்கா

அக்கா,

ஜன்னல் கண்ணாடி துடைக்க மகள் ஏதோ ஒரு திரவம் வாங்கி வந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. அமோனியாவில் படங்களைப் பிரதி எடுக்கும் நம் கம்பெனியின் பிரிண்ட் அறை ஞாபகம் வந்தது, கூடவே நீங்களும். நீங்கள் போய் இது இரண்டாவது மழைக்காலம்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் லேடீஸ் பெட்டியில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்குவோம். ஆண்கள் பென்சிலில் போடும் இயந்திரப் படங்களின் மேல் டிரேசிங் ஷீட்டை விரித்து, மையால் நகல் எடுக்கும் டிரேசர்கள் நாம் இருவரும். நீங்கள் மாலை வகுப்புக்குப் போய் டிப்ளமாவும் வாங்கியிருந்தீர்கள். படம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் இடம் ஒன்று காலியானதும் விண்ணப்பித்தீர்கள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "வேலையோட பேர்லயே மேன்னு இருக்கேம்மா."

ஆபீஸே சிரித்தது. நீங்களும் சிரித்துவிட்டு, ஆண்களுக்கு வைக்கும் பரீட்சையை உங்களுக்கும் வைக்கச் சொன்னீர்கள். வைத்தார், தேறினீர்கள். மறுவாரம் அவரே சந்தோஷமாக வந்து, உங்களுக்கென்று டிராஃப்ட்ஸ்வுமன் என்று புதுப் பதவியே போடப்போவதாகச் சொன்னார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நீங்கள் மட்டும் சம்பள கிரேடு எது என்று கேட்டீர்கள். டிரேசருக்கு மேலே, டிராஃப்ட்ஸ்மேனுக்குக் கீழே என்றார்.

"அப்ப எனக்கு மேனே இருக்கட்டும் சார். வேலை அதேதானே, கிரேடும் அதேயா இருக்கட்டும்."

அவர் முகம் சுருங்கிப் போனது. அந்த இடம் காலியாகவே கிடந்தது, நீங்கள் நகல் எடுத்துக்கொண்டே இருந்தீர்கள். கிடைத்ததை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று ரயிலில் உங்களிடம் சண்டை போட்டேன்.

"நான் இத வாங்கிக்கிட்டா, நாளைக்கு உனக்கும் இதையேதாண்டி குடுப்பாங்க."

குரோம்பேட்டையில் இடம் காலியானதும், நகர்ந்து உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

ஆள் இல்லாமல் படங்கள் தேங்கிக்கொண்டே போயின; பொங்கல் கழிந்து ஆர்டர் வந்தது. டிராஃப்ட்ஸ்மேன், அதே கிரேடு. உங்கள் பெயருக்கு முன்னால் மிஸ்டர் என்று டைப் அடித்திருந்தார்கள். அதை மட்டும் மாற்றித் தரச் சொன்னீர்கள். அதன்பின் ஆபீஸ் முழுக்க நீங்கள் 'மேன் அக்கா'. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவீர்கள். பிற்பாடு டிராஃப்ட்ஸ்மேன் ஆக என் முறை வந்தபோது, யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மகள் தன் சிநேகிதிகளிடம், "அம்மா டிராஃப்ட்ஸ்வுமனா இருந்தாங்க" என்கிறாள். அவள் காலத்துக்கு அது சரியான சொல்தான். நான்தான் விடுவதில்லை. "மேன்" என்று திருத்துகிறேன். அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள். உட்காரவைத்து, உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.