ஸ்பிளிட் தோல் பெல்ட்

14 மே 1999, வெள்ளி. ஏலகிரி.

சபை முகாமில் பிள்ளைகளின் இடுப்புக்கு ஸ்பிளிட் தோலில் பெல்ட் தைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேல்தோலைச் செருப்புக்கு எடுத்தபின் மிஞ்சும் அடித்தோல் அது. சாயம் பூசினால் அசல் போலத் தெரியும். நாளை காலை 'புலி வேட்டை' விளையாட்டில் அதைக் கட்டித்தான் மரத்துக்கு மரம் கயிற்றில் தொங்கிப் போவார்கள்.

மாலையில் ஒரு பெல்ட்டை நகத்தால் கீறினேன். நார் நாராக வந்தது. முகாம் நடத்தும் சாமுவேல் வாத்தியாரிடம் காட்டினேன்.

"ஐயா, ஆம்பூர் கம்பெனில சும்மா தச்சுக் குடுத்தாங்க. நேத்து நானே தொங்கிப் பாத்தேன்."

"நேத்து மழை இல்ல வாத்தியாரே. நனைஞ்சா இது கிழியும்."

"உங்களுக்கு எதுலயும் பேஜார்தான்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். என் பேத்தி மெர்சியும் சிரித்தாள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். எழுத்தும் தோல் வேலையும் நானாகக் கற்றவை. இரண்டிலும் இதுவரை ஏமாந்ததில்லை.

மழை விடவில்லை. பெல்ட்டுகள் மரத்திலேயே தொங்கி நனைகின்றன. நாளை தொங்குபவர்களின் பட்டியலில் முதல் பெயர் மெர்சி.

சமையற்காரர் ஆரோக்கியம் கத்தி தர வேண்டும். விடிவதற்குள் எல்லா பெல்ட்டையும் நான் இரண்டாக வெட்ட வேண்டும். பெல்ட் இல்லையென்று வாத்தியார் கயிற்றை அவிழ்க்க வேண்டும். விளையாட்டைக் கெடுத்தேன் என்று மெர்சி நாளை முழுக்க என்னோடு பேசாமல் இருக்கட்டும்.